எல்லோருக்கும் போட்ட படம், யாருக்கும் போய்ச் சேராத செய்தி

கேள்வி: எட்டு வருடமாக டல்லாஸில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, இந்த ஆகஸ்டில்தான் கிண்டர்கார்டன் போக ஆரம்பித்தாள். எனக்கு இப்போது நான்காவது மாதம், ஜனவரியில் பிரசவம். என் அப்பா அம்மா விருதுநகரில், மாமனார் மாமியார் மயிலாடுதுறையில், அண்ணன் சென்னையில், நாத்தனார் சிங்கப்பூரில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். தினமும் ஏதாவது படம் போடுகிறேன். அப்படியும் அம்மா, "நீ எதையும் சொல்றதே இல்ல" என்கிறார். சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தவறாமல் கூப்பிடுகிறேன், "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு "சரி வை" என்கிறார். மகள் தாத்தா பாட்டியுடன் பேசச் சொன்னால் ஓடிவிடுகிறாள். மாமனாருக்குக் காது சரியாகக் கேட்காது, அவரிடம் பேச்சே இல்லாமல் போய்விட்டது.

இதற்கிடையில் ஒரு விவகாரம். நான் உண்டாகியிருப்பதை ஸ்கேன் முடிந்து சொல்லலாம் என்றிருந்தோம். கணவர் தன் நண்பரிடம் சொல்ல, அது நண்பரின் மாமியார் வரை போய், ஒரு கல்யாண மண்டபத்தில் என் மாமியாரிடம், "ரெண்டாவதாமே, சந்தோஷம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாமியார் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் மகளின் முதல் நாள் பள்ளிப் படத்தை மட்டும் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். இன்னொன்று: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததை மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் போன வருடம் கணவருக்கு வேலை போனதை நானும் அவர்களிடம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் எதை, எப்போது, எப்படிச் சொல்வது? அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. (பெயர் வேண்டாம்.)

பதில்: சனிக்கிழமை 9 மணியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது சுலபமாகத் தீரக்கூடியது. டல்லாஸில் காலை 9 என்றால் இப்போது நம்மூரில் இரவு 7.30. அம்மா வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் சனிக்கிழமைக்கும் விடுமுறை கிடையாது. அம்மாவின் "ம்" கணக்கில் பாதி அங்கேதான் போகிறது. சீரியலைவிட மகள் முக்கியமில்லையா என்று கேட்காதீர்கள். எட்டு வருடமாக நீங்கள் இல்லாத வீட்டில் அந்த அரை மணி நேரம்தான் அவருக்குத் துணை. வெள்ளிக்கிழமை ராத்திரி, மகளைத் தூங்க வைத்த பிறகு, 8.30-க்குக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 மணி. முதல் காபி முடிந்திருக்கும், அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருப்பார், சமையல் இன்னும் தொடங்கியிருக்காது. நவம்பர் முதல் ஞாயிறன்று உங்கள் ஊரில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அப்போது அதே அழைப்பு இங்கே காலை 8 மணிக்கு வரும். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் 7 மணியிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வருடாவருடம் நவம்பரிலும் மார்ச்சிலும் பல வீடுகளில் இதனாலேயே சின்னச் சின்ன மனத்தாங்கல் வருகிறது, காரணம் கடிகாரம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தினமும் படம் போட்டும் "எதையும் சொல்றதே இல்ல" என்று அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீலநிற இன்லண்ட் லெட்டர் எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள், அல்லது அம்மாவிடம் கேளுங்கள். மூன்று பக்கமும் எழுதி, மடிக்கிற ஓரத்திலும் நுணுக்கி எழுதுவார்கள். "அத்தைக்கு முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? சின்னவன் கணக்கில் பாஸா? அப்பா மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?" வீட்டில் யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க, ஒவ்வொருவரும் தன் பெயர் வரும் வரியைக் கேட்டுவிட்டு நகர்ந்துபோவார்கள். வளைகுடாவிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பியவர்களும் அப்படித்தான், ஒரு பக்கத்தில் மனைவிக்கு, மறுபக்கத்தில் அம்மாவுக்கு. அறுபது பேர் குழுவில் நீங்கள் போடும் படத்தில் அம்மாவுக்கு என்று ஒரு வரி கிடையாது. அதை அவர் பார்க்கும் அதே நேரத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தியும் பார்க்கிறார், அவர் ஒரு கும்பிடு போடுகிறார், அதற்குக் கீழே இருபது குட்மார்னிங் பூங்கொத்து. உங்கள் மகள் பல் விழுந்து சிரிப்பது இரண்டு ரோஜாப்பூவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் நீங்கள் கூடுதலாக எதுவும் அனுப்ப வேண்டாம். குறைத்துக்கொண்டு, பெயர் சொல்லி அனுப்புங்கள். குரல் செய்தி போதும், இருபது முப்பது நொடி. "அம்மா, இன்னிக்கு வத்தக்குழம்பு வச்சேன், கசந்துபோச்சு. சுண்டைக்காயை ரொம்பக் கருக விட்டுட்டேனா?" இதில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. "எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே போட்டிருப்பே" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசுவார், நடுவில் பக்கத்து வீட்டுக் கதையும் வந்துவிடும். அப்பாவுக்கு வேறு: காருக்கு டயர் மாற்ற இவ்வளவு கேட்டார்கள், கொடுக்கலாமா என்று கேளுங்கள். டல்லாஸ் டயர் விலை அவருக்குத் தெரியாது, ஆனாலும் சொல்வார். கேட்டதுதான் விஷயம்.

தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு, ஆளுக்கு ஒன்று. தினமும் என்று ஆரம்பித்தால் பத்தாம் நாள் நின்றுபோகும், நின்றால் "என்ன ஆச்சோ" என்று பயப்படுவார்கள்.

மாமனார் விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். காது மந்தமானவர்களுக்கு வீடியோ அழைப்பு ஒரு தண்டனை. உதடு அசைவும் சத்தமும் ஒத்துப்போகாது, எல்லோரும் சிரிக்கும்போது இவரும் சேர்ந்து சிரித்து வைப்பார், பிறகு மெல்ல எழுந்து போய்விடுவார். அவருக்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். மாதம் ஒரு முறை நான்கைந்து படங்களைப் பொறுக்கி, மயிலாடுதுறையில் உள்ள ஒரு ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி 4-க்கு 6 பிரின்ட் போடச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், அதனால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பணத்தை உங்கள் அண்ணன் ஜிபே செய்துவிடட்டும், கணக்கை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே தமிழில் கையால் எழுதிய ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பி, அதையும் பிரின்ட் போட்டுக் கொடுக்கச் சொல்லலாம். எழுதவேண்டியது உங்கள் கணவர். அதற்கு வருகிறேன்.

மகள் ஓடுவதைப் பற்றி. நம் வீடுகளில் வீடியோ அழைப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு முறை வெளியிலிருந்து பாருங்கள். "பாட்டிக்கு ஹாய் சொல்லு. தமிழ்ல சொல்லு. ரைம்ஸ் பாடிக் காட்டு. என்ன சாப்ட்டே? ஏன் இளைச்சுட்டே?" எந்தக் குழந்தையும் ஓடத்தான் செய்யும். பேச வைக்காதீர்கள். அவள் தோசை சாப்பிடும்போது போனைத் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்துவைத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். அந்தப் பக்கம் அம்மாவையும் சும்மா உட்கார விடாதீர்கள், முருங்கைக்கீரை உருவச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருப்பார்கள், இருக்கட்டும். "வாட் இஸ் தட், பாட்டி?" என்று அவளாகவே கேட்பாள். அன்றைக்குக் கேட்காவிட்டால் அடுத்த வாரம் கேட்பாள். பாட்டிக்கும் பேத்தி தோசையின் முறுகலான ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்பது தெரியவரும். இது எந்தப் படத்திலும் கிடைக்காது.

ஜனவரியில் வரப்போகிற குழந்தைக்கும் இது பொருந்தும். பதினெட்டு மாதம் வரை திரையே காட்டாதீர்கள் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம்கூட, உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் அந்தக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இனி மாமியார். தள்ளிச் சொன்னதில் அவருக்கு வருத்தம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லாமல் இருப்பது நம் வீடுகளில் வழக்கம்தான், அவரும் தன் காலத்தில் அப்படித்தான் இருந்திருப்பார். மண்டபத்தில் நாலு பேர் முன்னால், தன் வீட்டுச் செய்தியை அடுத்த வீட்டார் சொல்லக் கேட்டு, முகம் மாறாமல் "ஆமாம், தெரியுமே" என்று சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் குத்துகிறது. சொந்த மகன் நண்பனுக்குச் சொல்லிவிட்டுத் தனக்குச் சொல்லவில்லை என்பது அதற்கு மேல். நம்மிடம் செய்தி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. காது குத்து, சடங்கு என்றால் தாய்மாமனுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. பத்திரிகை வைப்பதில் வரிசை தப்பினால் பத்து வருடம் பேசாமல் இருந்த பங்காளிகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதையெல்லாம் பழம்பஞ்சாங்கம் என்று தள்ளலாம். ஆனால் "உனக்கு முதலில்" என்று சொல்வதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். வாட்ஸ்அப் அந்த வரிசையைத்தான் அழித்துவிட்டது.

மன்னிப்பு கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை. உங்கள் கடிதத்தில் கணவர் மூன்று இடத்தில்தான் வருகிறார்: நீங்கள் உண்டாகியிருப்பதை நண்பரிடம் சொன்னார், வேலை போனது, "இருக்கிறோம்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறார். தன் அம்மாவிடம் அவர் தனியாகப் பேசுகிறாரா என்பதே தெரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் செய்தி சொல்லும் வேலை சத்தமில்லாமல் மருமகள் தலையில் வந்து விழுவதையும், எங்காவது பிசகினால் பழியும் அவள் பெயரிலேயே எழுதப்படுவதையும் நான் தினமும் பார்க்கிறேன். "அவருக்குப் போனில் பேச வராது" என்பார்கள். ஆபீசில் நாள் முழுக்க மீட்டிங்கில் பேசுகிறவர்கள் இவர்கள்! அவரே கூப்பிடட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். "அம்மா, நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். அவ உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தா. மண்டபத்துல உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் புரியுது." இவ்வளவு போதும். விளக்கம் நீண்டால் அது சமாதானம் சொல்வதாகிவிடும். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளட்டும். திட்ட ஆரம்பித்துவிட்டால் பாதி சரியாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்து நீங்கள் கூப்பிடுங்கள். பழையதைக் கிளறாமல், முதல் பிரசவத்தில் அவர் செய்து கொடுத்த லேகியத்தைப் பற்றியோ பத்தியச் சாப்பாட்டைப் பற்றியோ கேளுங்கள்.

ஸ்டேட்டஸ் படத்தை அந்த அழைப்பிலேயே எடுக்காதீர்கள், ஒரு வாரம் போகட்டும். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். முதல் நாள் பள்ளிப் படம் என்றால் அமெரிக்காவில் கையில் ஒரு பலகையைக் கொடுத்து நிற்க வைப்பார்கள் இல்லையா? குழந்தையின் பெயர், வயது, வகுப்பு, டீச்சர் பெயர், சில சமயம் பள்ளியின் பெயரும் அதில் இருக்கும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றாலும், அமைப்பை மாற்றாமல் வைத்திருந்தால் அவர் போனில் நம்பர் பதிவாகி, அவர் நம்பரையும் பதிந்துவைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பழைய வாடகைக்காரர், எல்லோரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இதை அவரிடம் பிரைவசி என்று சொன்னால், "என் பேத்தி படத்தை நான் வைக்கக் கூடாதா" என்று சண்டையில் முடியும். "அத்தை, எல்லார் கண்ணும் படுது" என்று சொல்லுங்கள். உடனே புரியும், படம் இறங்கும், ராத்திரியே மிளகாய் சுற்றிப் போடுவார். நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். குழந்தையைக் கண்டவர் பார்வையில் வைக்காதே என்பதுதான் இரண்டிலும் உள்ளது. ஆனால் அவருக்கும் பெருமைப்பட ஏதாவது வேண்டும். பலகை இல்லாத, பின்னால் வீட்டு எண் தெரியாத ஒரு நல்ல படத்தை "அத்தை, இது ஸ்டேட்டஸுக்கு" என்று நீங்களே அனுப்புங்கள்.

அப்பாவின் ஸ்டென்ட். உங்கள் கோபம் நியாயம். ஆனால் அவர்கள் கணக்கையும் பாருங்கள். சொன்னால் நீங்கள் அடித்துப் பிடித்துக் கிளம்புவீர்கள். டிக்கெட், குழந்தையின் பள்ளி, எச்-1பி வேலை விசா என்றால் திரும்பிப் போக விசா ஸ்டாம்பிங், நான்கு மாத வயிறு. இதையெல்லாம் அம்மாவும் அண்ணனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசியிருப்பார்கள். மறைத்தது தப்பு, ஆனால் அலட்சியம் இல்லை. நீங்கள் செய்ததும் அதேதான். வேலை போனால் எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும் அல்லது வேறு வழி பார்க்க வேண்டும். அந்தக் கெடுவை அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவரும் ஒவ்வொரு நாளாக எண்ணியிருப்பார் என்று பயந்து மறைத்தீர்கள்.

மறைப்பதில் உள்ள ஆபத்து வேறு. ஒரு முறை மறைத்தது தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற வார்த்தைக்கு மதிப்பே போய்விடும். போனை எடுக்கத் தாமதமானாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் தந்தி வந்தாலே பிரிக்குமுன் அழுதார்கள். தந்தி 2013 ஜூலையோடு போய்விட்டது, இப்போது நேரங்கெட்ட நேரத்து மிஸ்டுகால் அந்த வேலையைச் செய்கிறது.

வேலை போன கதையை முதலில் நீங்கள் சொல்லுங்கள். முடிந்துபோன விஷயம், இப்போது சொல்வதால் யாருக்கும் தூக்கம் கெடாது. "அப்பா, போன வருஷம் ஒண்ணு நடந்துச்சு, உங்ககிட்ட மறைச்சுட்டேன்" என்று ஆரம்பியுங்கள். அவர் கோபித்துக்கொள்வார். கோபம் தணிந்ததும், "நீங்களும் ஸ்டென்டை மறைச்சீங்க. இனிமே ரெண்டு பேரும் இப்படிச் செய்ய வேண்டாம்" என்று பேச இடம் கிடைக்கும். பிறகு அண்ணனோடு தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அப்பா அம்மா என்னதான் "சொல்லாதே" என்றாலும், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அன்றைக்கே அண்ணன் உங்களுக்குச் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, டாக்டர் என்ன சொன்னார், நீ இப்போது வர வேண்டுமா வேண்டாமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு அண்ணன் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், "வேண்டாம்" என்று அவர் சொன்னபின் நீங்கள் டிக்கெட் போடக் கூடாது. அந்தப் பக்கத்து நம்பிக்கை அதில்தான் நிற்கிறது. உங்கள் கணவரும் நாத்தனாரும் இதே மாதிரி பேசிக்கொள்ளட்டும். சிங்கப்பூர்தான் கிட்டத்தில் இருக்கிறது.

குழுவிலிருந்து வெளியேறாதீர்கள். "அவள் வெளியேறினாள்" என்ற அறிவிப்பு இப்போது குழு அட்மினுக்கு மட்டும்தான் போகும், ஆனாலும் விஷயம் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும், அதற்கு ஆறு மாதம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். சத்தத்தை நிறுத்தி ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள். பண்டிகைக்கு ஒரு படம், பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில், அவ்வளவு போதும். அத்தை, பெரியம்மா என்று இரண்டாம் வட்டத்தில் இருப்பவர்களுக்கு பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்லது. ஒரே செய்திதான், ஆனால் அவரவர் போனில் தனியாக வந்து நிற்கும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். அவர்கள் உங்கள் நம்பரைப் பதிந்துவைத்திருந்தால்தான் போய்ச் சேரும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நம்பரைப் பல பெரியவர்கள் பதிந்துவைத்திருப்பதில்லை.

ஜனவரிக்கு இப்போதே ஒரு தாளில் வரிசை எழுதி ஆஸ்பத்திரிப் பையில் வைத்துவிடுங்கள். கணவர் தன் அம்மாவுக்கு, நீங்கள் உங்கள் அம்மாவுக்கு, இரண்டு அழைப்பும் ஒரே நேரத்தில். அப்புறம் அண்ணன், அவர்தான் தாய்மாமன். அப்புறம் நாத்தனார். மாமனாருக்குக் காது கேட்காது என்பதால், பெயரும் எடையும் நேரமும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். இந்த நான்கு வீட்டுக்கும் போன பிறகுதான் நண்பர்கள், குழு, ஸ்டேட்டஸ் எல்லாம். அதுவரை இரு போனையும் கணவரே வைத்துக்கொள்ளட்டும். டல்லாஸில் மதியம் 3 மணிக்குப் பிறந்தால் இங்கே ராத்திரி 2.30 ஆகியிருக்கும். தூங்குவார்களே என்று காலை வரை காத்திருக்காதீர்கள், எழுப்பியே சொல்லுங்கள்.